லிங்கம்மாள் மூக்கில் பிடித்த பூஜு

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த அன்றைக்கு லிங்கம்மாள் முதலில் பார்த்தது மாப்பிள்ளையாகிய என்னை இல்லை, மாமியாரை இல்லை, ஏற்றி வைத்த குத்துவிளக்கையும் இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஒட்டடக் கம்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள். என் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வந்தவர்களுக்கு இலை போட்டுக் கூப்பிட்டால், பெண் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு முக்காலி மேல் நிற்கிறாள். அறுபத்தொன்றாம் வருஷம் வைகாசி மாதம் என் இல்லறம் இப்படித் தலையில் தூசி விழுந்துதான் ஆரம்பித்தது.

நாங்கள் அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். தறிக்காரன் வீட்டில் ஒட்டடை கூடாது என்பது நியாயம்தான். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் விழுந்தால் இழை கெட்டுப்போகும். ஆனால் இவள் செய்தது நியாயத்துக்கு மேலே. பக்கத்து வீட்டுக் குருவம்மாளின் மாமனார் இறந்தபோது துக்கம் கேட்கப் போனவள், அழுகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து தானும் அழுதபடியே மேலே பார்த்து, "தூக்குனதும் மொத வேலயா அந்த மூலய அடிச்சிரு குருவம்மா" என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு குருவம்மாள் கொஞ்ச காலம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த மூலையை அடித்துவிட்டாள், அதுவும் எனக்குத் தெரியும்.

கோபக்காரன் என்று எனக்கு ஊரில் பெயர். லிங்கம்மாளோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திவிட்டு வந்து அப்புறம் பேசட்டும் அந்த ஊர். தறியில் உட்கார்ந்தால் காலைத் துடைத்தாயா என்பாள். எழுந்தால் கையைத் துடைத்தாயா என்பாள். சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துத் தலைக்கு மேல் கம்பை நீட்டுவாள். சண்டை போடாத நாள் கிடையாது. சண்டை போட்டுவிட்டு வெளியே போனால், அவள் இல்லாத இடத்தில் எனக்கு என்ன பேசுவதென்றே தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டடைக்கு அடுத்தபடி அவளுக்குப் பகை எறும்பு. எழுபத்திரண்டு வாக்கில் கொல்லையில் பெண்கள் ஒதுங்குகிற மறைவில் எறும்பு சாரை சாரையாக வர ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் ஊற்றினாள், சாம்பல் தூவினாள், எறும்புப் பொடி போட்டாள். எறும்பு அசரவில்லை. எல்லார் வீட்டிலும் எறும்பு சீனி டப்பாவைத் தேடி அடுப்படிக்குப் போகும், இந்த வீட்டில் மட்டும் ஏன் கொல்லைக்குப் போகிறது என்று தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளோ ஆளும் மெலிந்துகொண்டு வந்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே போன தடமே தெரியாது. மெலிகிறாளே என்று நான் வாரந்தோறும் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து போட்டேன். ஆசையாகத் தின்றாள்.

எழுபத்து மூன்று ஐப்பசியில் வலது கன்னத்தில் வலி என்றாள். மூக்கடைப்பு. பல் வலி என்று கிராம்பு வைத்தாள். நீர் கோத்திருக்கிறது என்று ஆவி பிடித்தாள். குருவம்மாள் பழைய கோபத்தை மறந்து வந்து, மஞ்சளைச் சுட்டு மூக்கில் புகை காட்டினாள். கன்னம் வீங்கியதே தவிர வடியவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் வலது கண்ணிமை பாதி மூடியபடி நிற்கிறது, அவள் திறக்கச் சொன்னால் திறக்க மாட்டேன் என்கிறது. மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டவுன் டாக்டர் அவள் சிறுநீரைக் குழாயில் விட்டு மருந்து சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார். நீலமாக இருந்தது செங்கல் நிறத்துக்குப் போனது. உடம்பெல்லாம் சர்க்கரை, இன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப் போ என்றார். அப்போதுதான் அந்த எறும்புகள் ஒரு வருஷமாக என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்று எங்களுக்கு விளங்கியது. மகள் சௌடேஸ்வரியைக் குருவம்மாளிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நல்ல டாக்டர். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு மூக்கைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி மேலே பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மேல்வாயில் அடுப்புக்கரி ஒட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு. அதைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் தெலுங்கில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவர் வீட்டிலும் தெலுங்காம். இவ்வளவு நாளாக நோயாளிகளிடம் தமிழிலேயே பேசிப் பேசி அலுத்துப் போயிருந்தார் போல.

பரிசோதனை முடிவு வந்ததும் அவள் கட்டில் ஓரம் வந்து, பிரியமாக, வீட்டு மனுஷர் மாதிரி தெலுங்கில் சொன்னார்: "அம்மா, மீ முக்குலோ பூஜு பட்டிந்தி." உங்கள் மூக்கில் பூஜு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தமிழில் பூசணம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தெலுங்கில் பூஜு என்றால் இரண்டு. ஊசிப்போன சோற்றின் மேலும் ஈரப் பாவின் மேலும் பூக்கிற பூசணமும் பூஜு. சுவர் மூலையில் தொங்குகிற ஒட்டடையும் பூஜு. நான் தறிக்காரன், எனக்குப் பூசணம் என்று கேட்டது. லிங்கம்மாளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை. வீங்காத பாதி முகம் சிவந்து போனதைப் பார்த்துவிட்டு, பாவம் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"பாலையா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"மூக்குக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள குழி குழியா இருக்கும். அங்க பிடிச்சு இப்பக் கண்ணுக்கு வந்திருக்கு. சர்க்கரை உள்ள உடம்புல இது சும்மா இருக்காது, எலும்பையும் தின்னுட்டுப் போகும். கண்ணுக்கு அங்கிட்டு மூளை. நடுவுல இருக்கிற சுவரு தாள் மாதிரி மெல்லிசு. நாளைக் காலையில ஆபரேஷன் பண்ணியாகணும். கண்ணையும் எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுக்காட்டா?"

"மூளைக்கு ஏறும். ஏறிருச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

உள்ளே வருகிறேன், கட்டில் காலி. போர்வை நான்காக மடித்து, தலையணையைத் தட்டி மேலே வைத்திருக்கிறது. நர்ஸம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். போகிற போக்கில் ஜன்னல் மூலையில் இருந்த நூலாம்படையை முந்தானையால் துடைத்துக் காட்டி, "மொதல்ல இதப் பாருங்க, பெறகு எங்க மூக்கப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

நான் ஓடினேன். வேட்டி அவிழ்ந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அருப்புக்கோட்டை போகிற பஸ், மதுரை பஸ் நிலையத்தை விட்டு வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினால், பெண்கள் சீட்டில் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு மகாராணி உட்கார்ந்திருக்கிறாள்.

"எறங்குடி."

"ஊருக்குப் போயித்தான் எறங்குவேன்."

"சாகப் போறியா?"

"பூஜுக்கு யாராச்சும் சாவாகளா? கம்ப எடுத்து அடிச்சாப் போகுது" என்றாள். பிறகு துண்டை விலக்கிக்கொண்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "பன்னெண்டு வருசமா உங்க வீட்டுக் கூரையில ஒரு நூலு தொங்க விட்ருக்கேனா? அந்த மனுசன் என்னயப் பாத்து மூக்குல பூஜு தொங்குதுங்காரு. என் மூக்கு என்ன பாழடஞ்ச மண்டபமா? நீங்களும் பக்கத்துல நின்னு தலய ஆட்டுறீக."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பூஜு என்றால் ஒட்டடை என்று தெரிந்த கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "ஏக்கா, மூக்குக்குள்ள எப்பிடிக்கா ஒட்டட?" என்று கேட்டான். பின் சீட்டில் ஒரு பாளையம்பட்டிக்காரம்மா, "நல்லாத் தும்முனா வந்துருமே" என்று வைத்தியம் சொன்னது. எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. 

"அடி கிறுக்கி. அது சுவத்துப் பூஜு இல்லடி. பாவுப் பூஜு."



பாவுப் பூஜு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்தின ஐப்பசியில்தான், கஞ்சி போட்ட பாவு காயுமுன் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தோடு சுருட்டி வைத்தோம். பிரித்தால் ஓரத்தில் கறும்பச்சையாகப் பூத்திருந்தது. லிங்கம்மாள் கத்தரியை எடுத்தாள். பூத்த இடத்தோடு நிற்காமல் அதற்கு அப்பால் ஒரு முழம் வெள்ளை நூலையும் சேர்த்து வெட்டினாள். நல்ல நூலை வெட்டுகிறாயே என்று நான் தெருவே கேட்கக் கத்தினேன். "கண்ணுக்குத் தெரியிறது வந்து சேந்தது. தெரியாதது வந்துக்கிட்டு இருக்கது" என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் கை மெதுவாகக் கன்னத்துக்குப் போனது.

"அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"எதுவரைக்கும் வந்துருக்காம்?"

"கண்ணுவரைக்கும்."

"அதுக்கு அங்கிட்டு?"

"மூள."

எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "தம்பி, பஸ்ஸ நிறுத்துங்க" என்றாள்.

"காரியாபட்டியில நிக்கும்கா" என்றான் கண்டக்டர்.

"அதுவர இது நிக்காது தம்பி."

அவன் விசிலை ஊதிவிட்டான். நல்லவன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். உடைமரத்துக்குக் கீழே எதிர் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். சுற்றிலும் கரிசல், ஆள் அரவம் இல்லை. கண்ணை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

"கண்ண எடுத்துட்டா அசிங்கமா இருப்பேனா?" என்று கேட்டாள்.

"இப்ப மட்டும் என்ன, ரதியாக்கும்."

சிரித்தாள். சிரிப்பில் இடது பக்கம் மட்டும்தான் அசைந்தது. வலது பக்கம் சும்மா இருந்தது. நான் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று, பஸ் வருகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் இந்த ஆஸ்பத்திரிக்குள் தமிழைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சபதம் செய்தார். லிங்கம்மாள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கண்ண எடுத்தா மேல ஏறாதுல்ல?" அவர் பொய் சொல்லவில்லை. "எடுக்காட்டா ஏறும். எடுத்தா ஏறாதுன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா." சரி, எடுங்க என்றாள்.

மறுநாள் வலது கண்ணையும், கன்னத்து எலும்பையும், மேல்வாயில் பாதியையும் எடுத்தார்கள். பிறகு பூசணத்தைக் கொல்லுகிற மருந்து. பம்பாயிலிருந்து வரவழைத்தது, பாட்டிலில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஏற ஆரம்பித்தால் பல் கிட்டி, கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம் வரும், அடுத்தாற்போல் காய்ச்சல் கொதிக்கும். "உள்ள எவனோ தறி ஓட்டுறான்" என்று ஒரு தரம் முனகினாள். மேல்வாயில் துணி அடைத்திருந்ததால் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. பாதி எனக்கே விளங்காது. நாளாக நாளாக அதிகம் பேசுவதும் இல்லை, கண்ணை மூடியே கிடந்தாள். டாக்டர் தினமும் வந்து இமையைத் தூக்கிப் பார்ப்பார், கையைத் தூக்கச் சொல்வார். அவர் எதைத் தேடுகிறார் என்று தெரியும். ஏறிவிட்டதா இல்லையா, அதுதான். நான் அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய சோற்றைத் தின்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

ஒரு நாள் காலையில் கட்டு மாற்றுகிறார்கள் என்று என்னை வெளியே நிறுத்தினார்கள். டாக்டர் வெளியே வந்தார்.

"பாலையா, உங்க வீட்டுல மாடு இருக்கா?"

"தறி போக நாங்க படுக்கவே எடம் இல்ல டாக்டர். மாட்டுக்கு எங்க போக?"

"கன்னுக்குட்டி?"

"மாடே இல்லைங்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "புத்தி தெளிவா இருக்கான்னு பார்க்கக் கேள்வி கேட்டேன். உங்க பேரென்னன்னேன், சரியாச் சொன்னாங்க. புருஷன் பேரென்னன்னேன். கன்னுக்குட்டிய அவுத்து விட்டா வரும்ங்கிறாங்க. திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அதே கன்னுக்குட்டிதான். மூளைக்கு ஏறிருச்சோன்னு பயமா இருக்கு."

"ஏறியிருந்தா?"

"இதுக்கு மேல வெட்ட இடமில்ல. இந்த மருந்தே பாதி விஷம். பலன் இல்லைன்னா அதையும் ஏத்தி வதைக்கக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நிம்மதியா வச்சுக்கங்க."

சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆம்பிளை அழக் கூடாது என்கிறவனை அந்த வராந்தாவில் வந்து உட்காரச் சொல்லுங்கள். கட்டிய புருஷன் பேரைக் கேட்டால் கன்றுக்குட்டி என்கிறாள். என்னை மறந்தே போய்விட்டாளா? அதென்ன கன்றுக்குட்டி? கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டால் என்ன வரும்? மாடு சுரக்கும், பால் வரும்.

பால் வரும்.

கண்ணீர் நிற்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. தரையில் கிடந்து சிரித்தேன். எனக்கும் ஏறிவிட்டது என்று டாக்டர் நினைத்திருப்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், ஓட்டுச் சீட்டுக் கொடுக்க வந்தவன் கேட்டாலும் விடுகதை போட்டுத்தான் சொல்வார்கள் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைத்தேன். அவர் சம்சாரம் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுமாம். எப்படித் தெரியும் அவருக்கு?

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆசையில அர்த்தம் கண்டுபிடிக்கிறதும் உண்டு. அவங்க வாயால நேரா நான் கேட்கணும், பாலையா. அதை வச்சுத்தான் மருந்தத் தொடர்றதா வேணாமான்னு பார்க்க முடியும்."

உள்ளே போனோம். முகத்தில் பாதி கட்டு. மிச்சமிருந்த கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏபுள்ள, டாக்டர்கிட்ட என் பேரச் சொல்லு."

தலையை ஆட்டினாள், முடியாது என்று. கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கண்ணக் குடுத்த. வாயில பாதியக் குடுத்த. இத மட்டும் குடுக்க மாட்டியா?"

கையை அசைத்து என்னைக் குனியச் சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோனேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உங்களுக்கு ஆயுசு கொறையும்" என்றாள்.

அவ்வளவு காய்ச்சலிலும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். என் ஆயுளை.

"நீ இல்லாத ஆயுசு எனக்கு எதுக்குடி? தறியில போட்டு நெய்யவா? கொறஞ்சாக் கொறஞ்சிட்டுப் போகுது. சொல்லு. எனக்காகச் சொல்லு தாயி."

அந்த ஒற்றைக் கண்ணில் தண்ணீர் கோத்தது. டாக்டர் பக்கம் திரும்பினாள். குடத்துக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

"பா-லை-யா."

என்னைப் பெற்றவர்கள் கூப்பிட்ட பேர், நூல்கடைக்காரர்கள் அதட்டிய பேர், கூட்டாளிகள் ஏலே சேர்த்துக் கத்திய பேர். அவள் வாயிலிருந்து கேட்டபோது, யாரோ ரொம்ப நல்ல மனுஷனின் பேர் மாதிரி இருந்தது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏறல" என்றார். நர்ஸம்மாவிடம் மருந்து தொடரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"இன்னொருக்கச் சொல்லு" என்றேன்.

"ஆயுசு என்ன கொட்டியா கெடக்கு?" என்றாள்.